சின்ன பேட்டரி

எங்கள் வண்டிக்குள் இரண்டு பேட்டரி இருக்கிறது என்பது, அது வீட்டுக்கு வந்து மூன்று வாரம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில், எதையும் தெரிந்துகொள்ள யாருக்கும் நேரமில்லாத நேரத்தில் தெரிந்தது.

அன்றைக்கு ஏழு மணிக்கு அப்பா காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் மிஷினோடு படுத்திருக்க வேண்டும். டயாலிசிஸ். செவ்வாயும் வெள்ளியும் அவர் ரத்தத்தை வெளியே எடுத்து, கழுவி, மறுபடி உள்ளே விடுவார்கள். நாலு மணி நேரம் ஆகும். ஒரு முறை தவறினால் கண்ணுக்குக் கீழே நீர் கோத்துக்கொள்ளும். மறுநாள் படுக்க முடியாது. படுத்தால் மூச்சு முட்டும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருப்பார். அந்த மிஷினுக்கு ஆட்கள் வரிசையில் காத்திருக்கிறார்கள். ஏழு மணிக்குப் போகாவிட்டால் ஏழே காலுக்கு வேறு ஒருவரைப் படுக்க வைத்துவிடுவார்கள்.

வண்டி வாங்கியதே இதற்காகத்தான். அதுவும் மின்சாரக் காராகப் பார்த்து வாங்கியது அப்பாவின் வயிற்றுக்காக. அவர் பதினெட்டு வருடம் கம்பெனி வேன் ஓட்டியவர். மணிமங்கலத்தில் ஆரம்பித்து, படப்பை வழியாக வந்து, ஒரகடத்தில் கேட் வாசலில் முதல் ஷிஃப்ட் ஆட்களை இறக்கிவிடுவார். அவர் சட்டையில், தலைமுடியில், சாப்பிடும் கையில் எல்லாம் டீசல் வாடை இருக்கும். சின்ன வயதில் எனக்கு அதுதான் அப்பா வாடை. சர்க்கரை வியாதி வந்து முதலில் வலது காலில் இரண்டு விரலை எடுத்துக்கொண்டது, பிறகு பாதத்தையே எடுத்துக்கொண்டது, பிறகு சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்தது. மிஷினில் படுக்க ஆரம்பித்த பிறகு அவருக்கு டீசல் வாடை ஆகவில்லை. பட்டாலே குடலைப் புரட்டிக்கொண்டு வரும். இரண்டு வாடகைக் கார்களில் வாந்தி எடுத்தார். அதற்கப்புறம் எங்கள் நம்பரைப் பார்த்தால் அந்தப் பக்கத்து டிரைவர்கள் போனை எடுப்பதில்லை.

அப்போதுதான் அக்கா முடிவெடுத்தாள். அவள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போன் தயாரிக்கும் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் இருக்கிறாள். எட்டு வருடமாக நின்றுகொண்டே வேலை பார்ப்பவள். நான் பத்தாவது கணக்கில் இரண்டு முறை விழுந்து, மூன்றாவது முறை எழுந்திருக்காமல், ஒரகடத்தில் கார் சீட் தைக்கும் கம்பெனியில் உற்பத்தி லைனில் சேர்ந்தவன். அம்மாவுக்கு ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிற வேலை. காலை ஆறு மணிக்குப் போனால் மூன்று மணிக்கு வருவாள். வாலாஜாபாத் போகும் சாலையில், ஒரகடம் தாண்டி, உள்ளே தள்ளி எங்கள் வீடு. பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டு வண்டியை நிறுத்தினோம். கொட்டகைச் சுவரிலேயே சார்ஜ் போட ஒரு பெரிய பிளக்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஐந்தே முக்காலுக்கு, அப்பாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து கொட்டகையில் நிறுத்திவிட்டு, சாவியில் பட்டனை அழுத்தினேன். கதவு திறக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். வண்டி என்னைப் பார்த்துக்கொண்டே நின்றது. முந்தின நாள் ராத்திரி நூறு சதவீதம் ஏறியிருந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அக்கா கம்பெனி ஹெல்ப்லைனுக்குப் போன் போட்டாள். சாவிக்குள்ளேயே ஒரு குட்டி இரும்புச் சாவி மறைந்திருக்கிறது என்று அவர்கள்தான் சொன்னார்கள். அதை உருவிக் கதவைத் திறந்தால் உள்ளே திரை கறுப்பாகக் கிடந்தது. பட்டனை அழுத்தினால் ஒரு சத்தமும் இல்லை.

"இன்னிக்கு இதுக்கு வீக் ஆஃப் போலக்கீது" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. நான் அப்படித்தான். எழவு வீட்டிலும் வாய் சும்மா இருக்காது. அதற்காக நிறைய அடி வாங்கியிருக்கிறேன்.

பக்கத்து வீட்டுக்காரர் வாலாஜாபாத்துக்குக் காய்கறி ஏற்றும் குட்டியானை என்கிற டீசல் மினி லாரி வைத்திருந்தார். அதில் அப்பாவை ஏற்றினோம். வாலாஜாபாத் தாண்டுவதற்குள் மூன்று முறை வண்டியை நிறுத்தி அப்பா கதவுக்கு வெளியே தலையை நீட்ட வேண்டியிருந்தது. மூன்றாவது முறை வெளியே வர ஒன்றுமே இல்லை. சும்மா குனிந்து, கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எட்டே காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். மிஷினில் வேறு ஒரு அம்மா படுத்திருந்தாள். மத்தியானம் மூன்று மணிக்கு மிஷின் காலியாகும் வரைக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அன்றைக்கு எனக்கும் அக்காவுக்கும் லீவு போச்சு. அவளிடம் இருந்த லீவு ஏற்கெனவே கொஞ்சம்தான்.

மறுநாள் மறைமலை நகரிலிருந்து மெக்கானிக் வந்தான். என் வயதுதான் இருக்கும். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். ஒரு சின்னப் பெட்டியிலிருந்து இரண்டு வயரை எடுத்து முன்பக்க மூடிக்குள் மாட்டியதும், செத்துக் கிடந்த வண்டி கண் முழித்தது. அவன்தான் எங்களுக்கு இரண்டு பேட்டரிக் கதையைச் சொன்னான். வண்டியை ஓட்டுகிற பெரிய பேட்டரி அடியில் இருக்கிறது. அது தானாக விழித்துக்கொள்ளாது. அதை எழுப்பிவிட முன்னால் ஒரு சின்ன பேட்டரி உண்டு. ஸ்கூட்டரில் இருப்பதைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். கதவு, விளக்கு, திரை எல்லாம் அந்தச் சின்னதை நம்பி இருக்கின்றன. சின்னது படுத்துவிட்டால் பெரியது எவ்வளவு நிறைந்திருந்தாலும் பிரயோஜனமில்லை.

சின்னது கெட்டுப்போயிருக்கலாம் என்று சொல்லிப் புதிதாக ஒன்று மாட்டிவிட்டுப் போனான். அப்பா கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவன் போன பிறகு நான், "நைனா, நீ ஓட்டின வேனெல்லாம் உன்னப் பாத்தாலே பயந்துகினு கெளம்பும். இதுக்கு உன்மேல பயமே இல்ல" என்றேன். வழக்கமாக இப்படிச் சொன்னால் கையில் கிடைத்ததை எடுத்து என்மேல் வீசுவார். அன்றைக்கு வீசவில்லை.

ஊரில் எங்கள் வண்டி ஒரு வாரத்துக்கு எல்லாருக்கும் பேச்சாக இருந்தது. டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள், இந்த வண்டியெல்லாம் போன் மாதிரி, ரெண்டு வருஷத்துல தூக்கிப் போடணும் என்றார்கள். அம்மா எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து முன்னால் கட்டினாள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் எங்கள் வாசலில் நின்று, இதுக்கு ஒரு பழைய டீசல் வண்டியே வாங்கியிருக்கலாம் என்று சொல்லிவிட்டார். அப்பா அதுவரை எதுவும் பேசாதவர், "வண்டியக் கொற சொல்லாத" என்றார். அவர் சொன்ன தோரணையில் நாங்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தோம்.

பன்னிரண்டு நாள் கழித்து வண்டி மறுபடி படுத்தது. இந்த முறை ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், அக்கா எதற்கோ கதவைத் திறக்கப் போனபோது தெரிந்தது. நல்ல வேளை முந்தின நாளே தெரிந்தது, விடிந்தால் ஆஸ்பத்திரி. அவள் போனில் கெஞ்சியதில் மெக்கானிக் இருட்டுவதற்குள் பைக்கில் வந்து எழுப்பிவிட்டான். புது பேட்டரியையும் சோதித்துப் பார்த்தான். அதில் கோளாறு இல்லை. தலையைச் சொறிந்துகொண்டு கேட்டான்: "மேடம், கோவிச்சுக்காதீங்க. யாராச்சும் வண்டியில உக்காந்து பாட்டு கேக்கீங்களா? பிரேக்க மிதிச்சுப் பட்டன அமுக்குனாத்தான் வண்டி முழுசா எந்திரிக்கும். மிதிக்காம அமுக்குனா சின்ன பேட்டரியில மட்டும் ஓடும். ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம்னு தினமும் ஓட்டுனா எந்த பேட்டரி தாங்கும்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அதற்குக் காரணம் உண்டு. பதினான்கு வயதில் அப்பாவின் வேனில் உட்கார்ந்து மத்தியானம் முழுக்கப் பாட்டுக் கேட்டு, பேட்டரியை இறக்கிவைத்தவன் நான். அன்றைக்கு ஷிஃப்ட் முடிந்து வந்த இருபது பேர் வேனைத் தள்ளினார்கள். நான் முன்னால் நின்று, இன்னும் கொஞ்சம் தள்ளுங்கோ என்று அவர்களை உசுப்பேற்றிக்கொண்டிருந்தேன். அந்தக் கதை எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும்.

அக்கா அழவில்லை, கத்தவும் இல்லை. அவள் சத்தம் இறங்கினால்தான் எனக்குப் பயம். "எனக்கு இனிமே லீவு இல்லடா. இன்னொரு தபா வண்டி படுத்துதுன்னா நைனாவ மிஷினுக்குக் கூட்டினு போக முடியாது. உனக்கு வெளாட்டு" என்றாள். நான் சத்தியமாக இல்லை என்றேன். நான் சத்தியம் பண்ணினால் யார் நம்புவார்கள்? என்னிடமிருந்த இன்னொரு சாவியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். ஒரு சாவி மட்டும் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது. சனிக்கிழமை லேப்டாப்போடு வந்து எப்போது யார் பட்டனை அழுத்தினார்கள் என்று பார்த்துவிடலாம் என்றான் மெக்கானிக். அதிலும் தெரியாவிட்டால் வண்டியை ஷோரூமிலேயே விட்டுவிடுவதாக அக்கா சொன்னாள். ஒரு மாதம் அங்கே நிற்கும்.

இத்தனையும் நடந்தபோது அப்பா கட்டிலில் உட்கார்ந்து டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தார். டி.வி. ஓடவில்லை.

இன்னொரு விஷயமும் இருந்தது. வண்டி வந்த இரண்டாவது வாரத்திலிருந்தே உள்ளே நடுவில் இருக்கும் கண்ணாடி திரும்பித் திரும்பி இருந்தது. பின்னால் வரும் வண்டியைக் காட்ட வேண்டிய கண்ணாடி, கீழே குனிந்து பின்சீட்டைக் காட்டும். நான் அக்கா என்று நினைத்தேன்; தலை வாருகிறவள் எந்தக் கண்ணாடியை விட்டாள்? அக்கா என்னை நினைத்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே அதைச் சரிபண்ணிக்கொண்டிருந்தோம்.

அந்த வாரம், ஆஸ்பத்திரி நாள் தவிர, எனக்கு முதல் ஷிஃப்ட். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு லைன் நின்றுவிட்டது. சீட்டுக்கு அடியில் போடும் பஞ்சு வரவில்லை. லாரி எங்கேயோ மாட்டிக்கொண்டது. சூப்பர்வைசர் எங்களைப் பாதிப் பேரை வீட்டுக்குப் போகச் சொன்னார். நான் பைக்கைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தேன். வீட்டில் தனியாக இருக்கும் அப்பாவைப் பின்னாலிருந்து போய்ப் பயமுறுத்தலாம் என்ற எண்ணம். இருபத்து மூன்று வயதில் எனக்கு இருந்த புத்தி அவ்வளவுதான்.

கட்டிலில் அவர் இல்லை. ஆணியில் சாவி இல்லை. கொட்டகை வாசலில், அவர் பிடித்துக்கொண்டு நடக்கும் இரும்பு வாக்கர் மட்டும் தனியாக நின்றது.

தகரத்தில் ஒரு இடத்தில் ஆணி அடித்து விட்ட ஓட்டை பெரிதாகியிருக்கும். அதில் கண்ணை வைத்தேன். அப்பா டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் கண்ணாடி இறக்கியிருந்தது. இரண்டு கையும் ஸ்டியரிங்மேல் இருந்தன. முன்னால் தகரம்தான், ரோடு ஒன்றும் இல்லை. ஆனால் அவர் ரோட்டைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் இடது பக்கம் இண்டிகேட்டர் போட்டார். கொட்டகை மூலையில் மஞ்சள் வெளிச்சம் விட்டு விட்டு எரிந்தது. ஸ்டியரிங்கை லேசாக ஒடித்தார். நிறுத்தினார். நிமிர்ந்து உள்கண்ணாடியைப் பார்த்தார். மூன்று பேர், நாலு பேர் ஏறுவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "படில நிக்காத, உள்ள போ" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். வலது பக்கம் இண்டிகேட்டர் போட்டு, பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்து, ரோட்டில் ஏறினார்.

எனக்கு அந்த ஸ்டாப் எது என்று தெரிந்துவிட்டது. சின்ன வயதில் லீவு நாளில் என்னையும் வேனில் ஏற்றிக்கொள்வார். மணிமங்கலம் கோயில் தாண்டி வளைவு இருக்கிறதே, அங்கே ஏறுகிற பெண்கள் எப்போதும் படியிலேயே நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். தினமும் இதையேதான் சொல்லுவார்.

கண்ணாடி ஏன் திரும்பியது என்பதும் அப்போதுதான் புரிந்தது. வேன் ஓட்டுகிறவர்கள் நடுக்கண்ணாடியை ஆட்களைப் பார்த்துத்தான் வைப்பார்கள். ஏறிவிட்டார்களா, உட்கார்ந்துவிட்டார்களா, யாராவது தூங்கிக் கம்பியில் இடித்துக்கொள்கிறார்களா என்று பார்க்க வேண்டும். பின்னால வர்றவன் தன்னப் பாத்துக்குவான், ஏறினவன நான்தானே பாக்கணும் என்பார் அப்பா.

அவர் பட்டனை அழுத்தியபோது பிரேக்கை மிதித்திருக்க மாட்டார். மிதிக்கிற பாதம் அவரிடம் இல்லை. பட்டனை அழுத்தியதும் திரை எரிந்தது, விளக்கு எரிந்தது, அவருக்கு அது போதுமாக இருந்திருக்கும். வண்டி எழுந்திருக்கவில்லை, சின்ன பேட்டரி மட்டும் தன் உயிரைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்பது முதலில் அவருக்குத் தெரிந்திருக்காது. மெக்கானிக் சொன்ன திங்கட்கிழமைக்குப் பிறகு தெரியும். தெரிந்தும் வந்து உட்கார்ந்திருக்கிறார். வண்டி படுத்தால் யாருக்கு மூச்சு முட்டும் என்பதும் அவருக்குத் தெரியும்.

என்னைத் திட்டியபோது ஓடாத டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தாரே, அதை நினைத்தேன். கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. வாயில் ஒரு கிண்டலும் வரவில்லை. அதுதான் எனக்கே விநோதமாக இருந்தது.

அவர் கொட்டகைக்குள்ளேயே படப்பை தாண்டுவதற்குள் நான் சத்தமில்லாமல் தெருமுனைக்குத் திரும்பிப் போய்விட்டேன். டீக்கடையில் இரண்டு டீ குடித்தேன். ஒரு மணி நேரம் கழித்து பைக்கை எடுத்து, தெருவில் நுழையும்போதே ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்தேன். எதிர்வீட்டு அம்மா திட்டினாள். நான் உள்ளே போனபோது அப்பா கட்டிலில் இருந்தார். சாவி ஆணியில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"இன்னாடா, இந்நேரத்துக்கு?" என்றார்.

"லைன் நின்னு போச்சு நைனா" என்றேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் வண்டி கிளம்பியது. ஆஸ்பத்திரி போகும் வரைக்கும் நான் திரையையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு அரை மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்திருந்தால் கிளம்பியிருக்காது.

சனிக்கிழமை சாயங்காலம் மெக்கானிக் வந்தான். லேப்டாப்பை வண்டியோடு ஒரு வயரால் சேர்த்து, அதை வீட்டுக்குள் கொண்டுவந்து ஸ்டூல்மேல் வைத்தான். திரையில் ஒரு கோடு ஓடியது. நாள் முழுக்கப் படுத்துக்கிடக்கும் கோடு, பதினோரு மணிக்கு எழுந்து நிற்கும், பன்னிரண்டரைக்கு விழும். செவ்வாய், வெள்ளி, ஞாயிறு தவிர்த்து மற்ற எல்லா நாளும். ஞாயிற்றுக்கிழமைதான் நாங்கள் எல்லாரும் வீட்டில் இருப்போம்.

"மிஷின்ல ஒரு கோளாறும் இல்ல மேடம். ஆள்தான் அமுக்கியிருக்காங்க" என்றான்.

அக்கா ஸ்டூல் பக்கம் குனிந்து பார்த்தாள். அவள் கம்பெனியில் நாள் முழுக்க இந்த மாதிரிக் கோடுகளைத்தான் பார்க்கிறாள். அப்பா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் கை பக்கத்திலிருந்த வாக்கரைப் பிடித்திருந்தது. வாயைத் திறந்தார்.

"நான்தான்க்கா" என்றேன். "பாட்டு கேட்டுகினு குந்தினு இருந்தேன். புது ஸ்பீக்கர் சூப்பராக் கீது."

"இல்ல, அது..." என்று அப்பா ஆரம்பித்தார்.

"நைனா, நீ சும்மா இரு. என்னக் காப்பாத்தலாம்னு பாக்காத. உன்னால ஆவாது."

அம்மா என்னைத் திட்ட ஆரம்பித்தாள். பெற்ற வயிறு பற்றியும், அப்பன் உயிரோடு விளையாடுவது பற்றியும். ஒரு வார்த்தையும் தப்பாகச் சொல்லவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். திட்டு வாங்குவது எனக்கு வராத வேலை இல்லை.

அக்கா மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாரத்துத் தேதிகள் அதில் வரிசையாக இருந்தன. அந்த வாரம் எனக்கு முதல் ஷிஃப்ட் என்பது அவளுக்குத் தெரியும். விடியற்காலையில் என் சாப்பாட்டு டப்பாவைக் கட்டிக் கொடுத்தவள் அவள்தான். பதினோரு மணிக்கு நான் லைனில் நின்று சீட் தைத்துக்கொண்டிருந்தேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு வாக்கரைப் பிடித்திருந்த அப்பாவின் கையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தாள்.

சாவி மெக்கானிக்கின் ஸ்டூல்மேல் கிடந்தது. அதை எடுத்தாள். தன் பையில் போட்டுக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். சாமி படத்துக்குப் பக்கத்தில் போய், அதே ஆணியில் மாட்டினாள்.

"இனிமே ஒயுங்கா இருடா" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, முகம் கழுவப் போய்விட்டாள். குழாய் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் கிளம்பும்போது நான் கொட்டகை வரைக்கும் கூடப் போனேன். அவனிடம் கேட்டேன். ஒரு ஆள் தினமும் ஒன்றரை மணி நேரம் வண்டியில் உட்கார வேண்டும். விளக்கு எரிய வேண்டும். சின்ன பேட்டரி இறங்கக் கூடாது. முக்கியமாக, வண்டி ஒரு அங்குலம்கூட நகரக் கூடாது. வழி இருக்கிறதா?

அவன் என் காலைப் பார்த்தான். இரண்டு பாதமும் இருந்தன. பிறகு கொட்டகை வாசலில் இருந்த வாக்கர் தடங்களைப் பார்த்தான். மண்ணில் நாலு நாலாகப் பதிந்து உள்ளே போயிருந்தன. வயரைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னான்: "சார்ஜ் ஏறிக்கிட்டு இருக்கும்போது பெரிய பேட்டரி முழிச்சுக்கிட்டேதான் இருக்கும் அண்ணே. சின்னதுக்கும் அது ஊட்டிக்கிட்டே இருக்கும். பிளக்கு குத்தியிருந்தா எந்த ராசா வந்து அமுக்குனாலும் வண்டி நகராது. ராத்திரி போடுத சார்ஜ காலையில போடுங்க. அவ்வளவுதான்."

ஊரில் இருக்கும் தன் அப்பாவுக்கும் சர்க்கரை இருப்பதாகப் பைக்கை உதைக்கும்போது சொன்னான். 

அன்றிலிருந்து ராத்திரியில் நாங்கள் சார்ஜ் போடுவதில்லை. முதல் ஷிஃப்ட் என்றால் ஐந்தரைக்கு நான் கொட்டகைக்குப் போய் பிளக்கைக் குத்திவிட்டுப் போவேன். எனக்கு ஷிஃப்ட் மாறும் வாரத்தில் அக்கா குத்துவாள். நான் அவளிடம் சொல்லவில்லை, அவள் என்னிடம் கேட்கவில்லை. ஒருநாள் நான் மறந்துபோய்ப் பாதித் தெரு தாண்டித் திரும்பி வந்தபோது, பிளக் ஏற்கெனவே குத்தியிருந்தது. முதல் திங்கட்கிழமை அப்பாவிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவேண்டியிருந்தது. ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, அவரைப் பார்க்காமல் சொன்னேன்: "நைனா, பகல்ல வண்டி சார்ஜ்ல இருக்கும். பிளக்க மட்டும் புடுங்கிடாத. மத்தபடி உன் இஷ்டம்."

 நான் வாசலைத் தாண்டும்போது, "லைன் இன்னிக்கு ஓடுமா?" என்று கேட்டார்.

"ஓடும் நைனா. ரெண்டரைக்கு முன்னாடி வர மாட்டேன்" என்றேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஐந்தே முக்காலுக்குப் பட்டனை அழுத்தினேன். கதவு திறந்தது. அப்பாவைப் பின்சீட்டில் உட்கார வைத்தேன். மிஷினிலிருந்து வரும்போது படுத்துக்கொள்ள வேண்டும் என்பதால் அவர் எப்போதும் பின்னால்தான். பிரேக்கை மிதித்து மறுபடி அழுத்தினேன். திரையில் பச்சை எழுத்து வந்தது. வண்டி சத்தமில்லாமல் கொட்டகையை விட்டு வெளியே வந்தது. ஏழுக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே போய்ச் சேர்ந்தோம்.

திரும்பி வரும்போது அவர் சாய்ந்து படுத்திருந்தார். டயாலிசிஸ் முடிந்தால் முகம் பிழிந்து போட்ட துணி மாதிரி இருக்கும். வாலாஜாபாத் தாண்டி மழைத் தண்ணீர் அரித்த பள்ளம் ஒன்று இருக்கிறது. அதில் இறங்கி ஏறினபோது அவர் கண்ணைத் திறந்தார். நான் அதைக் கண்ணாடியில் பார்த்தேன். நடுக்கண்ணாடி திங்கட்கிழமை அவர் வைத்த மாதிரியே, கீழே குனிந்து, பின்சீட்டைக் காட்டிக்கொண்டிருந்தது. காலையில் வண்டியை எடுக்கும்போதே பார்த்தேன். கையைக் கொண்டுபோய்விட்டு எடுத்துவிட்டேன்.

அவரும் அதைப் பார்த்தார். கண்ணாடிக்குள் எங்கள் கண் பட்டது.

"கண்ணாடியச் சரியா வெச்சுக்கோடா. பின்னாடி லாரி வருது பாரு."

"சைடுல தெரியுது நைனா. பின்னால வர்றவன் தன்னப் பாத்துக்குவான்" என்றேன். "நீ படில நிக்காத, உள்ள போய்ப் படு."

 தகர ஓட்டை வழியாக நான் அவரைப் பார்த்ததும் கேட்டதும் அவருக்கு அந்த இடத்தில்தான் தெரிந்தது. பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்து எங்களைத் தாண்டிப் போனது. அவர் முழங்கையை ஊன்றி, மெதுவாகச் சீட்டில் உள்ளே தள்ளி, தலையைச் சரியாக வைத்துப் படுத்துக்கொண்டார். ஒரகடம் கூட்ரோடு வந்ததும், படுத்தபடியே, "லெஃப்ட் இண்டிகேட்டர்" என்றார். அங்கே எங்களுக்கு வேலையே இல்லை. வீடு போவதற்கு அந்தக் கூட்ரோடு வரைக்குமே வந்திருக்கத் தேவையில்லை. கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்ததில் எங்கள் தெருவைத் தாண்டி வந்துவிட்டிருந்தேன். அவர் வேனின் கடைசி ஸ்டாப், முதல் ஷிஃப்ட் ஆட்களை இறக்கிவிடும் கேட், அங்கேதான் இருக்கிறது.

நான் இடது பக்கம் இண்டிகேட்டர் போட்டேன். ஓரமாக நிறுத்தினேன். கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டு, நாலு பேர் இறங்குகிற நேரம் வரைக்கும் காத்திருந்தேன்.